மூளைக்கட்டிக்கு மஞ்சளா, குந்திரிக்கமா, மூக்கு வழி மருந்தா? கட்டி வரைக்கும் போய்ச் சேர்வது எது?

பயாப்ஸி ரிப்போர்ட்டில் கிளியோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) என்று வந்த சில நாட்களிலேயே வீட்டுக்கு ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடும். குர்குமின் கேப்சூல், குந்திரிக்கச் சாரம், மூக்கால் இழுக்கும் எலுமிச்சை எண்ணெய், கஞ்சா எண்ணெய், நித்தியகல்யாணிக் கஷாயம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். ரேடியேஷனும் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் நடக்கும்போது கூடவே இவற்றில் எதைக் கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் குடும்பத்தார் கேட்கும் கேள்வி.

"கூடவே" என்ற சொல் இங்கே முக்கியம். வழக்கமான சிகிச்சை இதுதான்: அறுவை சிகிச்சை, ஆறு வாரத்தில் 60 கிரே ரேடியேஷன், அதோடு தினமும் டெமோசோலமைடு, பிறகு 28 நாளுக்கு 5 நாள் வீதம் அதே மாத்திரை. 2005-இல் ஸ்டுப் குழு வெளியிட்ட ஆய்வில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். கீழே வரும் எந்த இயற்கைப் பொருளுக்கும் இந்த அளவுக்குச் சான்று கிடையாது. அதனால் இதை விட்டுவிட்டு அதைப் பிடிப்பது என்ற கணக்கே இங்கே இல்லை.

## முதலில் அளவுகோல்கள்

ஒன்று: கட்டிக்குள் எவ்வளவு போகிறது? மூளையின் நுண்ரத்தக்குழாய்ச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். இதைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறார்கள். கொழுப்பில் கரையக்கூடிய, ஏறத்தாழ 400-500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறின் எடை அளவு) இருக்கும் சின்ன மூலக்கூறுகள்தான் அந்தச் செல்லுக்குள் நுழைந்து மறுபக்கம் போக முடியும். அப்படி நுழைந்தாலும் பி-கிளைக்கோபுரோட்டீன் போன்ற பம்புகள் செல்லின் உள்ளேயிருந்து அதைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்குள் தள்ளிவிடும். தாவரங்களிலிருந்து வந்த மருந்துகளில் பல இந்தப் பம்பிடம்தான் தோற்கின்றன.

"கட்டி இருக்கும் இடத்தில் இந்தத் தடுப்பு உடைந்துதானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. எம்.ஆர்.ஐ.யில் கான்ட்ராஸ்ட் ஏறி வெள்ளையாகத் தெரியும் பகுதியில் தடுப்பு ஒழுகுகிறது. ஆனால் அந்தப் பகுதியைத்தான் சர்ஜன் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார். மிஞ்சுவது சுற்றியுள்ள நல்ல மூளைக்குள் ஊடுருவிய செல்கள். அங்கே தடுப்பு பெரும்பாலும் முழுசாகவே இருக்கிறது. கட்டி திரும்ப வருவதும் அநேகமாக அந்த ஓரத்திலிருந்துதான்.

இரண்டு: நோயாளிகளிடம் என்ன கண்டார்கள்? செல்லிலும் எலியிலும் கண்டது இதில் சேராது. ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, எத்தனை பேர், எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

தடுப்பைத் தாண்டுவதும் பலன் தருவதும் வேறு வேறு. இதற்கு மாரிசோமிப்பைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. கடலடி மண்ணில் வாழும் சாலினிஸ்போரா என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த இந்தப் பொருள் ரத்த-மூளைத் தடுப்பை நன்றாகவே கடக்கும். அதை நம்பி 749 பேரிடம் மூன்றாம் கட்ட ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 17 மாதம். மாரிசோமிப் சேர்த்தவர்களுக்கு 16.5 மாதம். பலன் எதுவும் இல்லை, நரம்பு, மனநிலை சார்ந்த பக்கவிளைவுகள்தான் கூடின. "மூளைக்குள் போகிறது" என்று பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மூன்று: ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு மோதுமா? வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து ஆகிய மூன்றும் மூளைக்கட்டி நோயாளிகளிடம் சாதாரணம்.

நான்கு: மறைந்திருக்கும் செலவு. பணம் அதில் சின்னப் பங்கு. டெமோசோலமைடே ஈரல் நொதிகளை உயர்த்தக்கூடியது என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் லிவர் டெஸ்ட் எடுப்பார்கள். கூடவே ஒரு மூலிகைச் சாரமும் ஓடிக்கொண்டிருந்தால், எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி எகிறும்போது எது காரணம் என்று டாக்டரால் சொல்ல முடியாது. இரண்டையும் நிறுத்தச் சொல்வார். பலன் உறுதியான மருந்தின் ஒரு சுற்று தள்ளிப்போகும். அதுதான் உண்மையான விலை.

## குர்குமின்

பட்டியலில் முதலில் வருவதும் எங்கும் கிடைப்பதும் இதுதான். 368 டால்டன், கொழுப்பில் கரையும். காகிதத்தில் பார்த்தால் தடுப்பைக் கடக்க எல்லாத் தகுதியும் உண்டு. சிக்கல் அதற்கு முன்பே, குடலிலும் ஈரலிலும் தொடங்குகிறது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்றால் குர்குமின் 90 மி.கி. அதிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறும். உறிஞ்சப்பட்டதை ஈரல் உடனே வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும்.

இதைத் தாண்டத்தான் மைசெல் வடிவக் குர்குமினை (உறிஞ்சப்பட எளிதாக, நீரில் கலக்கும் நுண்துளிகளில் அடைத்தது) செய்தார்கள். ஜெர்மனியில் 13 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் நான்கு நாள், தினம் மூன்று வேளை, வேளைக்கு 70 மி.கி. கொடுத்துவிட்டு, வெட்டியெடுத்த கட்டியிலேயே குர்குமினை அளந்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்த சராசரி, ஒரு மில்லிகிராம் கட்டித் திசுவுக்கு 56 பிக்கோகிராம். ஆக, குர்குமின் கட்டி வரைக்கும் போகிறது என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 56 பிக்கோகிராம் என்பது, செறிவை அளக்கும் அலகில், சுமார் 0.15 மைக்ரோமோலார். தட்டில் வளர்த்த கட்டிச் செல்களைக் கொன்றதாக வரும் ஆய்வுகளில் பொதுவாகப் பயன்படுத்தும் அளவு 10 முதல் 50 மைக்ரோமோலார். சுமார் 65 முதல் 330 மடங்கு வரை இடைவெளி. நல்ல வடிவத்தில், நோயாளியின் கட்டியிலேயே நேராக அளந்து கிடைத்த எண் இது. சாதாரணக் கேப்சூலில் இதைவிடக் குறைவாகத்தான் எதிர்பார்க்கலாம்.

அடுத்து மிளகுச் சத்து. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியது. கடையில் விற்கும் கேப்சூல்களில் பெரும்பாலும் பைப்பரின் சேர்ந்திருப்பது இதனால்தான். ஆனால் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. மருந்துகளை உடைக்கும் ஈரல் நொதிகளையும் வெளியே தள்ளும் பம்புகளையும் அது பொதுவாகவே மந்தமாக்குகிறது.

இங்கேதான் பெனிடாயின் வருகிறது. நம் ஊரில் இன்னும் பலருக்கு எழுதிக்கொடுக்கப்படும் வலிப்பு மாத்திரை இது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரைதான் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலே நஞ்சாகும். பைப்பரின் சேர்ந்தால் பெனிடாயின் அளவு கூடுகிறது என்று மனிதர்களிடமே காட்டியிருக்கிறார்கள். மிளகு கலந்த சூப்போடு கொடுத்துப் பார்த்தபோதும் மாற்றம் தெரிந்தது. பெனிடாயின் கூடினால் நடை தள்ளாடும், இரட்டையாகத் தெரியும், தூக்கம் அழுத்தும், பேச்சு குழறும். கட்டி வளர்ந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். வீட்டில் எல்லோரும் கட்டி பெருத்துவிட்டது என்று கலங்கி நிற்கும்போது காரணம் புதிதாக வாங்கிய கேப்சூலாக இருக்கலாம். ஒரு பெனிடாயின் ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மிளகு ரசத்தை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். மாத்திரையின் அளவு அந்தச் சாப்பாட்டோடு சேர்த்தே சரிசெய்யப்பட்டிருக்கும். திடீரென்று தினமும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் பிரச்சினை.

ஈரல் விஷயமும் இருக்கிறது. மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க வலையமைப்பு, மஞ்சள் கேப்சூலால் வந்த பத்துப் பேரின் விவரத்தை 2022-இல் வெளியிட்டது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

எப்போது பொருந்தும்: சமையலில் எப்போதும் பொருந்தும். கேப்சூலாக, கீமோ நடக்கும்போது, பொருந்தும் சூழ்நிலை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

## குந்திரிக்கம்

சாம்பிராணியோடு சேர்த்துப் புகை போடும் அதே பிசின்தான். மருந்துக்கடையில் சல்லகி, போஸ்வெல்லியா என்ற பெயர்களில் கிடைக்கும். இந்தப் பட்டியலில் நாங்கள் மரியாதையோடு பார்ப்பது இதைத்தான். காரணம், இதன் ஆய்வு "கட்டி குணமாகும்" என்று எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மூளைக்கு ரேடியேஷன் பெற்ற 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினம் 4,200 மி.கி. குந்திரிக்கச் சாரம், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2011-இல் வெளியான முடிவு: ரேடியேஷன் முடிந்ததும் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளை வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் வடிந்திருந்தவர்கள் குந்திரிக்கக் குழுவில் 60 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 26 சதவீதம். பக்கவிளைவு வயிற்றுப்போக்கு, வயிற்றுத் தொந்தரவோடு நின்றது.

சின்ன ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனின் அளவு இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லாமல்தான் இருந்தது. குந்திரிக்கம் கொடுத்தால் ஸ்டீராய்டை நிறுத்திவிடலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. வாரக்கணக்கில் சாப்பிட்ட டெக்ஸாமெத்தசோனைத் திடீரென்று நிறுத்தினால் வீக்கம் திரும்புவதோடு, உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டும் இல்லாமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். குறைப்பது டாக்டர் கையில், படிப்படியாக.

ஆனாலும் இதை யோசிப்பதற்கு நியாயம் உண்டு. நீண்டநாள் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தொடைத் தசை கரைந்து தரையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் எழ முடியாமல் போகும், தூக்கம் கெடும். இதையெல்லாம் அனுபவிக்கும் ஒருவருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய ஆறுதல்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

- 4,200 மி.கி. என்றால் 500 மி.கி. கேப்சூல் எட்டு, ஒன்பது. ஒன்றிரண்டு கேப்சூல் சாப்பிட்டுவிட்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்க்க முடியாது. ஏற்கெனவே பத்து மாத்திரை விழுங்குபவருக்கு, விழுங்கவே சிரமப்படுபவருக்கு, இது சுமை.
- போஸ்வெல்லிக் அமிலங்கள் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் நன்றாக உறிஞ்சப்படும். டெமோசோலமைடு வெறும் வயிற்றில். இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்காமல், கேப்சூலைச் சாப்பாட்டு வேளைகளுக்குப் பிரித்துவையுங்கள்.
- லேபிளில் போஸ்வெல்லிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும். மூட்டுவலிக்கென்று வரும் கலவைகளில் மஞ்சளும் பைப்பரினும் சேர்ந்தே இருக்கும். அதை வாங்கக் கூடாது.
- ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் எண், கூடினால் ரத்தக்கசிவு ஆபத்து) கூடியதாகப் பதிவுகள் உள்ளன. அவர்களுக்கு வேண்டாம்.
- ஊதுபத்திக் கடைப் பிசினைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. அது சாப்பிடத் தயாரித்த பொருளே அல்ல.

## மூக்கு வழி பெரில்லைல் ஆல்கஹால்

எலுமிச்சை, ஆரஞ்சு, லாவெண்டர் போன்றவற்றில் சிறிதளவு இருக்கும் பொருள். 152 டால்டன்தான். முதலில் இதைக் கேப்சூலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குமட்டலும் ஏப்பமும் தாங்காமல் நோயாளிகள் விலகினார்கள், அந்த வழி கைவிடப்பட்டது. பிரேசிலின் நித்தெரோயில் டா ஃபொன்சேக்கா குழு அதையே நெபுலைசர் மாஸ்க் வழியாக, தினம் நான்கு வேளை மூக்கால் இழுக்க வைத்தது. மோப்ப நரம்பும் முகத்தின் முக்கிளை நரம்பும் மூக்கின் கூரையிலிருந்து நேராக மூளைக்குப் போகின்றன. ரத்தத்தில் ஏறாமல், தடுப்பைச் சந்திக்காமல் போக ஒரு குறுக்குவழி.

அமெரிக்காவில் நியோ100 என்ற பெயரில் மருந்துத்தரத்துக்குச் சுத்திகரித்து, கட்டி திரும்ப வந்த 12 பேருக்குக் கொடுத்தார்கள். 2021-இல் வெளியான முடிவில் ஆறு மாதம் கட்டி வளராமல் இருந்தவர்கள் 33 சதவீதம், ஓராண்டு தாண்டியவர்கள் 55 சதவீதம். கடுமையான பக்கவிளைவு இல்லை. பன்னிரண்டே பேர், ஒப்பிடக் குழு இல்லை. நம்பிக்கை தருகிறது, அதற்கு மேல் சொல்ல முடியாது.

வீட்டில் எலுமிச்சை எண்ணெயை நெபுலைசரில் ஊற்றுவது இதற்கு ஈடாகாது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். பெரில்லைல் ஆல்கஹால் அல்ல. எண்ணெய்த்துளி நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். ஸ்டீராய்டும் டெமோசோலமைடும் சேர்ந்து எதிர்ப்புசக்தியைக் குறைத்திருக்கும் வேளையில் அது உயிருக்கே ஆபத்து. ஆய்வில் சேர இடம் கிடைத்தால் மட்டும் இந்த வழி.

## கஞ்சாப் பொருட்கள்

கஞ்சாவின் முக்கியச் சத்துகளான டி.ஹெச்.சி., சி.பி.டி. இரண்டும் கொழுப்பில் எளிதாகக் கரைந்து மூளைக்குள் நுழைபவை. முதல் அளவுகோலில் எல்லாவற்றையும் முந்துவது இதுதான். பிரிட்டனில் வாய் ஸ்பிரேவாக டெமோசோலமைடோடு சேர்த்துக் கொடுத்த சிறு ஆய்வில் ஓராண்டு தாண்டியவர்கள் 83 சதவீதம், வெற்று ஸ்பிரே குழுவில் 44 சதவீதம். கேட்க மலைப்பாக இருக்கும். எண்ணிக்கையில் சொன்னால் 12 பேரில் 10, 9 பேரில் 4. இரண்டு மூன்று பேர் இப்படியோ அப்படியோ போனால் கதை மாறிவிடும். ஆறு மாதம் கட்டி வளராமல் இருந்தவர்கள் இரு குழுவிலும் அதே 33 சதவீதம்தான். இதைத் தீர்க்க 234 பேரோடு ஒரு பெரிய ஆய்வு பிரிட்டனில் 2023-இல் தொடங்கியது.

இங்கே கள்ளத்தனமாகக் கிடைக்கும் எண்ணெயில் என்ன அளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டமும் குறுக்கே நிற்கும். க்ளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு தடை: சி.பி.டி. அந்த மாத்திரையின் வீரியமான வடிவத்தை ரத்தத்தில் உயர்த்தி, கடுமையான தூக்கக்கலக்கத்தை உண்டாக்கலாம். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையோடு சேர்ந்தால் ஈரல் நொதிகள் ஏறலாம்.

## மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் தாவர மருந்துகள்

"இயற்கை" என்றால் கேப்சூல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வருகிறது. ஒலிகோடென்ட்ரோகிளியோமா வகைக் கட்டிகளுக்குப் புரோகார்பசின், லோமஸ்டினோடு சேர்த்துக் கொடுக்கும் கூட்டில் அதுவும் ஒன்று. 825 டால்டன், பம்பும் விரட்டும். அந்தக் கூட்டில் அதன் பங்கு எவ்வளவு என்று நரம்புப் புற்றுநோய் மருத்துவர்களே கேள்வி எழுப்புகிறார்கள். கைகால் மரத்தல், மலச்சிக்கல் கூடினால் டாக்டர் முதலில் நிறுத்துவது இதைத்தான்.

வீட்டில் நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சுவது வேறு விஷயம். டன் கணக்கான காய்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில்தான் வின்கிரிஸ்டின் கிடைக்கும். கஷாயத்தில் இருப்பது அளவு தெரியாத நச்சுக் கலவை.

பசிபிக் யூ மரத்திலிருந்து வந்த பாக்லிடாக்சல் தட்டில் கிளியோபிளாஸ்டோமா செல்களை மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும், ஆனால் மூளைக்குள் போகாது. இதற்கு மருந்தை மாற்றாமல் சுவரையே திறந்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோவின் நார்த்வெஸ்டர்னில் 17 பேரின் மண்டையோட்டில், அறுவை சிகிச்சையின்போதே, ஒன்பது ஒலி உமிழிகள் கொண்ட கருவியைப் பொருத்தினார்கள். நுண்குமிழிகளை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, அல்ட்ராசவுண்ட் செலுத்தினால் குமிழிகள் அதிர்ந்து தடுப்பைத் தளர்த்தும். சுமார் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். 2023-இல் வெளியான அளவீட்டில், ஒலி பட்ட இடத்தில் பாக்லிடாக்சல் சுமார் 3.7 மடங்கு கூடுதலாக இருந்தது. இதுவும் ஆய்வுக்குள் மட்டும்தான்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | மூளைக்குள் சேர்வது | நோயாளிகளிடம் கண்டது | முதலில் பார்க்க வேண்டிய மோதல் |
|---|---|---|---|
| குர்குமின் + பைப்பரின் | சேர்கிறது. தட்டில் செல்லைக் கொன்ற அளவில் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே | கட்டியில் அளவு மட்டும். ஆயுள் பலன் காட்டவில்லை | பெனிடாயின், ஈரல் |
| குந்திரிக்கம் | வீக்கத்தில் விளைவு தெரிகிறது | 44 பேர், வெற்று மாத்திரையோடு ஒப்பீடு. வீக்கம் குறைந்தது | வார்ஃபரின், கேப்சூல் எண்ணிக்கை |
| பெரில்லைல் ஆல்கஹால் | மூக்கு வழியாகத் தடுப்பைச் சுற்றிப் போகும் | 12 பேர், ஒப்பீடு இல்லை | வீட்டு நகல்களால் நுரையீரல் பாதிப்பு |
| கஞ்சாப் பொருட்கள் | நன்றாகச் சேரும் | 21 பேர், ஒப்பீடு உண்டு | க்ளோபசாம், வால்ப்ரோயேட், சட்டம் |
| அல்ட்ராசவுண்ட் + பாக்லிடாக்சல் | ஒலி பட்ட இடத்தில் 3.7 மடங்கு | 17 பேர், முதல் கட்டம் | மண்டையோட்டில் கருவி, நரம்பு மரத்தல் |

## எந்த நிலையில் எது

ரேடியேஷன் நடக்கிறது, ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் தலைவலியும் வாந்தியும் திரும்புகின்றன, நோயாளி நன்றாக விழுங்குகிறார், வலிப்புக்கு லெவெடிராசிட்டம் சாப்பிடுகிறார், வார்ஃபரின் இல்லை. இந்த நிலையில் குந்திரிக்கம் பற்றி டாக்டரிடம் பேசலாம். லெவெடிராசிட்டம் ஈரல் நொதிகளை நம்பியிருக்காத மாத்திரை என்பதால் மோதல் குறைவு.

பெனிடாயினோ கார்பமசெபினோ சாப்பிடுகிறார் என்றால் பைப்பரின் சேர்ந்த எதையும் வாங்காதீர்கள். மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணமும் இதில் அடக்கம்.

கட்டி திரும்ப வந்திருக்கிறது, நோயாளி நடமாட்டமாக இருக்கிறார் என்றால் கேப்சூலுக்குச் செலவிடும் நேரத்தை ஆய்வுகளைத் தேடுவதற்குச் செலவிடுங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கும். உங்கள் ஆன்காலஜிஸ்ட் அதைப் பார்த்துச் சொல்வார்.

பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ, மறுபடி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. குர்குமின் போன்றவை ரத்தத்தட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியவை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, மயக்க மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் சம்மதித்துத் தொடங்குவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள், டெமோசோலமைடின் ஐந்து நாட்கள் அல்லாத வாரத்தில், லிவர் டெஸ்ட் எடுத்த பிறகு. தொடங்கிய தேதி, பொருளின் பெயர், தினசரி அளவு ஆகியவற்றைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, லேபிளைப் படம் எடுத்துச் சேர்த்துவையுங்கள். அடுத்த எம்.ஆர்.ஐ.யைப் படிப்பவர் அப்போதைய ஸ்டீராய்டு அளவைப் பார்த்துத்தான் கட்டி வளர்ந்ததா, வீக்கம் மட்டும் மாறியதா என்று முடிவு செய்கிறார். வீக்கத்தைக் குறைக்கும் இன்னொரு பொருள் உள்ளே போய்க்கொண்டிருப்பதும் அதே அளவுக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.